ஐஸ்லாந்தில் பதின்வயதுக் குடி குறைந்த கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளைகளின் குடி, புகை, கஞ்சா பற்றி எங்கே பேச்சு வந்தாலும் "ஐஸ்லாந்தைப் பாருங்கள்" என்று யாராவது ஒருவர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்த நாட்டில் என்ன செய்தார்கள், யார் செய்தார்கள், எதற்குப் பலன் கிடைத்தது, எது இன்னும் சரியாகவில்லை என்று பெற்றோரும் ஆசிரியர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் கீழே தந்திருக்கிறேன்.

அங்கே அப்படி என்னதான் நடந்தது?

1990களில் வெள்ளிக்கிழமை இரவானால் தலைநகர் ரெய்க்யவிக்கின் நடுத்தெருக்களில் பள்ளிப் பிள்ளைகள் குடித்துவிட்டுக் கூட்டம் கூட்டமாக நிற்பார்கள். அந்தப் பக்கம் போகவே பெரியவர்கள் தயங்குவார்கள். 1998-இல் 15, 16 வயது மாணவர்களிடம் கேட்டபோது, கடந்த ஒரு மாதத்துக்குள் போதை ஏறும் அளவுக்குக் குடித்ததாக 42 சதவீதம் பேர் சொன்னார்கள். தினமும் சிகரெட் பிடிப்பவர்கள் 23 சதவீதம். கஞ்சாவை ஒரு முறையாவது தொட்டுப் பார்த்தவர்கள் 17 சதவீதம்.

2016-இல் அதே வயதுப் பிள்ளைகளிடம் அதே கேள்விகளைக் கேட்டார்கள். குடி 5 சதவீதம், சிகரெட் 3, கஞ்சா 7.

இதற்கு ஏறத்தாழ 18 ஆண்டுகள் ஆகின. இடையில் ஆட்சிகள் மாறின. 2008-இல் நாட்டின் வங்கிகளே சரிந்து விழுந்தன. அந்த நெருக்கடியிலும் வேலை நிற்கவில்லை.

பணக்கார நாடு, நல்ல பள்ளிகள். பிறகு ஏன் பிள்ளைகள் அவ்வளவு குடித்தார்கள்?

ஐஸ்லாந்தில் பெரியவர்களுமே வாரநாளில் தொடாமல், வாரக் கடைசியில் மூக்குமுட்டக் குடிக்கும் பழக்கம் உள்ளவர்கள். பிள்ளைகள் அதைப் பார்த்து வளர்ந்தார்கள். டிசம்பர் மாதத்தில் சூரிய வெளிச்சம் 4 மணி நேரம்தான், ஜூனில் இருட்டே வராது. தாயும் தகப்பனும் வேலைக்குப் போகும் குடும்பங்கள்தான் அதிகம், எனவே பள்ளி விட்ட பிறகு வீட்டில் ஆளில்லை. அப்புறம் ஒரு விசித்திரம்: 1915-இல் வந்த மதுவிலக்கு பிற மதுவகைகளுக்குப் படிப்படியாகத் தளர்ந்தாலும், பீருக்கு மட்டும் 1989 மார்ச் 1 வரை நீடித்தது. அந்தத் தடை இருந்த காலத்திலும் பிள்ளைகள் குடித்தார்கள், நீங்கிய பிறகும் குடித்தார்கள். வெறும் தடை எதையும் தீர்க்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. அந்தக் காலத்தில் ஐஸ்லாந்தில் 16 வயதிலேயே ஒருவர் சட்டப்படி தன் விருப்பம்போல வாழலாம். பெற்றோர் கேள்வி கேட்க முடியாது.

இதை ஆரம்பித்தவர் யார்?

ஒரே ஒருவர் பெயரைச் சொன்னால் கதைக்கு வசதியாக இருக்கும், ஆனால் உண்மை அப்படி இல்லை. அடிக்கடி சொல்லப்படும் பெயர் ஹார்வி மில்க்மன் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியருடையது. மனிதர்கள் ஏன் ஒரு குறிப்பிட்ட போதையைத் தேடிப் போகிறார்கள் என்பது அவருடைய ஆய்வு. சிலருக்குப் படபடப்பு அடங்க வேண்டும், சிலருக்குப் பரபரப்பு வேண்டும். மூளை தேடும் அந்த மாற்றத்தை நடனம், இசை, விளையாட்டு வழியாகவும் கொடுக்க முடியும் என்பது அவர் வாதம். 1992-இல் டென்வர் நகரில் இதை வைத்தே பிள்ளைகளுக்காக ஒரு திட்டமும் நடத்தினார். ஐஸ்லாந்துக்காரர்கள் அவரைப் பேச அழைத்தார்கள், அவர் திரும்பத் திரும்ப வந்தார்.

ஆனால் வேலையை உள்ளூரில் வேரூன்றச் செய்தவர்கள் இங்கா டோரா சிக்ஃபுஸ்டோட்டிர், யோன் சிக்ஃபுஸ்ஸன் போன்ற ஐஸ்லாந்து ஆய்வாளர்கள். 1999-இல் இதற்கென்றே ஒரு சமூக ஆய்வு மையம் அமைந்தது. நகராட்சி, பள்ளிகள், பெற்றோர் சங்கங்கள், விளையாட்டுக் கழகங்கள், காவல்துறை எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். பெயர் தெரியாத நூற்றுக்கணக்கான பெற்றோர் இல்லையென்றால் ஆய்வு அறிக்கை அலமாரியில்தான் இருந்திருக்கும்.

அதற்கு முன் விழிப்புணர்வு நிகழ்ச்சிகள் நடத்தவில்லையா?

நடத்தினார்கள். வகுப்புக்கு வந்து போதையின் தீமைகளைச் சொல்வது, படம் காட்டிப் பயமுறுத்துவது எல்லாம் இருந்தன. 1990கள் முழுக்க இது ஒரு பக்கம் நடக்க, பிள்ளைகளின் குடி இன்னொரு பக்கம் ஏறிக்கொண்டே போனது. நம் ஊரிலும் ஜூன் 26 அன்று போதை ஒழிப்பு நாள் பேரணி, உறுதிமொழி, ஓவியப் போட்டி எல்லாம் உண்டு. அதில் தவறில்லை. ஆனால் ஜூன் 27 மாலை 5 மணிக்கு அந்தப் பிள்ளை எங்கே போவான், யாரோடு இருப்பான் என்பதைப் பேரணி தீர்மானிப்பதில்லை. ஐஸ்லாந்துக்காரர்கள் கை வைத்தது அந்த மாலை 5 மணியில்.

கணக்கெடுப்பு என்கிறார்களே, அது எப்படி நடக்கிறது?

இதுதான் முழு முயற்சியின் முதுகெலும்பு என்பது என் கருத்து. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நாடு முழுக்க உள்ள பள்ளிகளில் குறிப்பிட்ட வகுப்புகளின் பிள்ளைகளுக்கு ஒரு வினாத்தாள் கொடுக்கிறார்கள். பெயர் எழுத வேண்டாம். ஆசிரியர் படித்துப் பார்க்க மாட்டார். மாதிரிக்குச் சில பள்ளிகள் என்றில்லாமல், அன்று வகுப்பில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளும் நிரப்புகிறார்கள். 80 சதவீதத்துக்கு மேல் பதில் வந்துவிடும். குடித்தாயா, புகைத்தாயா என்பதோடு கேள்வி நிற்பதில்லை. சனிக்கிழமை இரவு நீ எங்கே இருக்கிறாய் என்று அம்மா அப்பாவுக்குத் தெரியுமா? உன் நண்பர்களின் பெற்றோரை உன் பெற்றோருக்குத் தெரியுமா? வாரத்தில் எத்தனை முறை பயிற்சிக்குப் போகிறாய்? பள்ளி பிடிக்கிறதா? தூக்கம் எப்படி?

அப்புறம் நடப்பதுதான் முக்கியம். சில வாரங்களிலேயே முடிவுகள் அந்தந்த ஊருக்கும் பள்ளிக்கும் தனித்தனியாகப் போய்ச் சேர்கின்றன. "நாட்டில் இத்தனை சதவீதம்" என்று சொன்னால் எல்லாப் பெற்றோரும் அது பக்கத்து ஊர்ப் பிள்ளைகளைப் பற்றி என்று நினைத்துக்கொள்வார்கள். "உங்கள் பள்ளியில், உங்கள் பிள்ளைகளின் வகுப்பில் இத்தனை பேர்" என்று கூட்டத்தில் திரையில் போட்டால் யாரும் எழுந்து போக முடியாது. அடுத்த கணக்கெடுப்பில் எண் குறைந்ததா கூடியதா என்றும் அதே கூட்டத்தில் தெரிந்துவிடும். ஒரு முறை எடுத்துக் கோப்பில் போடும் கணக்கெடுப்புக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அவ்வளவு பெரிது.

அதிலிருந்து என்ன கண்டுபிடித்தார்கள்?

அதிகம் குடிக்கும் பிள்ளைகளுக்கும் குடிக்காத பிள்ளைகளுக்கும் நடுவே சில வேறுபாடுகள் திரும்பத் திரும்பத் தெரிந்தன. பெற்றோரோடு நிறைய நேரம் இருப்பது, பள்ளியில் தன்மேல் அக்கறை உள்ளவர்கள் இருப்பதாக உணர்வது, வாரத்தில் மூன்று நான்கு நாள் பயிற்சியாளரோடு கூடிய ஏதாவது ஒரு செயலில் இருப்பது, இரவில் வெளியே சுற்றாதது. இந்த நான்கும் இருந்த பிள்ளைகள் குடிப்பது குறைவு.

ஐஸ்லாந்துப் பெற்றோருக்கு இதில் உறுத்திய விஷயம் நேரம். வாரம் முழுக்க வேலை, ஆனால் ஞாயிறு மதியம் இரண்டு மணி நேரம் 'தரமாக' இருந்தால் போதும் என்று அவர்களும் நம்பியிருந்தார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. சும்மா ஒரே வீட்டில் இருப்பது, சேர்ந்து சாப்பிடுவது, காரில் கொண்டுபோய் விடுவது என்று சாதாரண நேரம்தான் அதிகம் கணக்கில் வந்தது. 1997-இல் வாரநாட்களில் பெற்றோரோடு அடிக்கடி நேரம் கழிப்பதாகச் சொன்ன பிள்ளைகள் 23 சதவீதம். 2012-இல் 46.

சட்டத்தில் என்ன மாற்றினார்கள்?

18 வயதுக்குக் கீழ் புகையிலை வாங்க முடியாது, 20 வயதுக்குக் கீழ் மது வாங்க முடியாது. மது, புகையிலை விளம்பரங்களுக்குத் தடை. 1998 ஜனவரி 1 முதல் சட்டப்படி தன் வாழ்வைத் தானே தீர்மானிக்கும் வயது 16-லிருந்து 18 ஆனது. பள்ளிதோறும் பெற்றோர் அமைப்பு இருக்க வேண்டும், பள்ளி நிர்வாகக் குழுவில் பெற்றோர் பிரதிநிதி இருக்க வேண்டும் என்றும் சட்டம் வந்தது.

அதிகம் பேசப்படுவது இரவு நேரக் கட்டுப்பாடு. குழந்தைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி 12 வயது வரை உள்ளவர்கள் இரவு 8 மணிக்கு மேல் பெரியவர் துணையின்றி வெளியே இருக்கக் கூடாது. 13 முதல் 16 வயது வரை என்றால் 10 மணி. பள்ளி விழா, விளையாட்டுப் பயிற்சி முடிந்து வீடு திரும்புகிறவர்களுக்கு விலக்கு உண்டு. மே 1 முதல் செப்டம்பர் 1 வரை, நள்ளிரவிலும் வெளிச்சம் இருக்கும் காலம் என்பதால், இரண்டு மணி நேரம் கூடுதல்.

இந்த நேர அட்டவணையைக் காந்தப் பட்டையில் அச்சிட்டு வீடுகளுக்குக் கொடுத்தார்கள், குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிக்கொள்ள. "என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் 12 மணி வரை இருக்காங்க" என்று வாதாடும் பிள்ளைக்கு அந்தப் பட்டையைக் காட்டினால் போதும்.

மீறினால் போலீஸ் பிடித்துப் போகுமா?

பிள்ளைமேல் வழக்குப் போடுவது நோக்கமில்லை. வீட்டில் கொண்டுபோய் விடுவார்கள், பெற்றோரைக் கூப்பிடுவார்கள். பொறுப்பு பெரியவர்களுடையது. ஆனாலும் இந்தக் கட்டுப்பாடு பிள்ளைகளின் சுதந்திரத்தில் தலையிடுவது என்று விமர்சிப்பவர்கள் உண்டு, அந்த விமர்சனத்தில் நியாயமும் உண்டு. ஊர் முழுக்க ஒப்புக்கொள்ளாத இடத்தில் இதைப் போலீஸ் மூலம் திணித்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கவே சங்கடமாக இருக்கிறது.

பெற்றோர் இரவில் தெருவில் நடக்கிறார்களாமே, அது என்ன?

வெள்ளி, சனி இரவுகளில் ஐந்தாறு பெற்றோர் சேர்ந்து தங்கள் பகுதியை ஒரு சுற்று நடந்து வருவார்கள். அடையாளம் தெரிய மேலே ஒளிரும் சட்டை. கையில் தடி கிடையாது, யாரையும் அதட்டுவதும் கிடையாது. பிள்ளைகள் கூடும் பூங்கா, கடை வாசல், பள்ளி மைதானம் பக்கம் போய், "என்னப்பா, எப்படி இருக்கே?" என்று கேட்டுவிட்டு நகர்வார்கள். யாராவது தள்ளாடிக்கொண்டு இருந்தால் வீட்டுக்குச் சொல்வார்கள். இந்த நடைக்குப் பள்ளியின் பெற்றோர் சங்கம் முறை போட்டுக்கொடுக்கும்.

இதில் இரண்டு பலன். தெருவில் தெரிந்த முகம் இருந்தால் பிள்ளைகள் அங்கே கூடிக் குடிப்பதில்லை. அதைவிட, சேர்ந்து நடக்கிற பெற்றோர் ஒருவரையொருவர் தெரிந்துகொள்கிறார்கள். "உன் பையன் எங்க வீட்டுல இருக்கான்" என்று தொலைபேசியில் சொல்லக்கூடிய பழக்கம் அங்கிருந்துதான் வருகிறது. கணக்கெடுப்பில் நண்பனின் பெற்றோரைத் தெரியுமா என்று கேட்டதற்குக் காரணமும் இதுதான்.

பெற்றோர் ஒப்பந்தம் என்பது?

ஒரு வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் கூடி ஒரு தாளில் கையெழுத்திடுவது. பெரியவர் இல்லாத வீட்டில் விருந்து நடக்க விட மாட்டோம், வயது வராத பிள்ளைக்கு மது வாங்கித் தர மாட்டோம், மற்றவர் பிள்ளைகளையும் கவனித்துக்கொள்வோம் என்பதுபோல. சட்டப்படி இதற்கு எந்த வலுவும் இல்லை. ஆனால் தனியாக ஒரு அம்மா "வேண்டாம்" என்றால் அவர் பழைய பஞ்சாங்கம். வகுப்பே சேர்ந்து சொன்னால் அது வழக்கம்.

விளையாட்டுக்கு அரசு காசு கொடுப்பது உண்மையா?

உண்மைதான். ரெய்க்யவிக் நகராட்சி ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்குகிறது. 2010களின் நடுவில் அது 35,000 குரோனா (ஐஸ்லாந்து நாணயம்), பிறகு கூட்டப்பட்டது. பணமாகக் கையில் கிடைக்காது. கால்பந்துக் கழகம், இசைப் பள்ளி, நடனம், நீச்சல் என்று எதில் சேர்த்தாலும் அந்தக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளலாம். ஏழை வீட்டுப் பிள்ளை கட்டணத்துக்குப் பயந்து ஒதுங்கிவிடக் கூடாது என்பது கணக்கு.

இதோடு உள்ளரங்க மைதானங்கள் கட்டினார்கள். குளிர்காலத்தில் வெளியே பந்து உதைக்க முடியாத நாட்டில் அது பெரிய மாற்றம். சின்னப் பிள்ளைகளுக்கும் தகுதிச் சான்று பெற்ற, சம்பளம் வாங்கும் பயிற்சியாளர்கள். நிலத்தடி வெந்நீரால் சூடேறும் நீச்சல் குளம் ஏறக்குறைய எல்லா ஊரிலும் உண்டு. வாரத்துக்கு நான்கு முறையாவது கழக விளையாட்டில் ஈடுபடும் 15, 16 வயதினர் 1997-இல் 24 சதவீதம், 2012-இல் 42.

ஒரு நுணுக்கம். பயிற்சியாளரும் ஒழுங்கும் உள்ள கழகத்தில் விளையாடும் பிள்ளைகள் குறைவாகக் குடித்தார்கள். தாங்களாகவே கூடி விளையாடுகிறவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை என்று ஐஸ்லாந்து ஆய்வே சொல்கிறது. பந்தும் மட்டையும் வாங்கிக் கொடுத்து "போய் விளையாடுங்கடா" என்று விட்டுவிட்டால் திட்டம் முடிந்துவிடாது. அந்தப் பிள்ளை இன்று வரவில்லையே என்று கவனிக்கும் ஒரு அண்ணனோ அக்காவோ அங்கே வேண்டும்.

விளையாட்டே பிடிக்காத பிள்ளை என்ன செய்வது?

அவர்களுக்காக ஊர்தோறும் இளையோர் மையம் இருக்கிறது. மாலையில் போய் அரட்டை அடிக்கலாம், இசைக்குழு வைக்கலாம், சமைக்கலாம், சும்மாவும் இருக்கலாம். ரெய்க்யவிக் பள்ளிகளுக்கிடையே நடக்கும் ஸ்க்ரெக்குர் என்ற மேடைக்கலைப் போட்டிக்குப் பிள்ளைகள் வாரக்கணக்கில் தயாராவார்கள். நாட்டின் தன்னார்வ மீட்புப் படையிலும் இளையோர் பிரிவு உண்டு. பனிச்சரிவும் புயலும் அடிக்கடி வரும் நாட்டில் கயிறு கட்டவும் ஆளைத் தேடவும் கற்றுக்கொள்வது பிள்ளைகளுக்குப் பெருமை.

2016 யூரோ கால்பந்துக் கோப்பையில் இங்கிலாந்தைத் தோற்கடித்ததும் இதனால்தானா?

உள்ளரங்க மைதானமும் பயிற்சியாளர்களும் அந்த அணிக்கு உதவியது உண்மை. 2–1 என்ற அந்த வெற்றியை வைத்துத் திட்டத்தை விற்பது சற்று அதிகம்.

சரி, இந்தத் திட்டத்தால்தான் குடி குறைந்தது என்று நிச்சயமாகச் சொல்ல முடியுமா?

முழுதாகச் சொல்ல முடியாது. 2000-க்குப் பிறகு ஸ்வீடன், நார்வே போன்ற நாடுகளிலும், ஐரோப்பாவின் வேறு பல இடங்களிலும் பதின்வயதினரின் குடி குறைந்திருக்கிறது. அங்கெல்லாம் இந்த முழுத் திட்டம் நடக்கவில்லை. கைப்பேசியும் கணினியும் பிள்ளைகளை வீட்டுக்குள் உட்கார வைத்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். மேலும் நாடு முழுக்க ஒரே நேரத்தில் பல மாற்றங்கள் செய்ததால், எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்வது கடினம். திட்டம் நடக்காத இன்னொரு ஐஸ்லாந்து ஒப்பிட்டுப் பார்க்க இல்லை.

ஆனால் ஐஸ்லாந்தில் சரிவு மிக ஆழமாகவும் நீண்டதாகவும் இருந்தது. எந்தப் பாதுகாப்புக் காரணிகளைக் கூட்ட நினைத்தார்களோ அவை கூடியதும் அதே கணக்கெடுப்பில் பதிவாகியிருக்கிறது. திட்டத்துக்குக் கணிசமான பங்கு உண்டு, மந்திரம் என்று சொல்ல இடமில்லை என்பதே நான் எடுத்துக்கொள்ளும் முடிவு.

அப்படியானால் அங்கே பிள்ளைகள் இப்போது நலமாக இருக்கிறார்களா?

குடியும் சிகரெட்டும் குறைந்த அதே காலத்தில், குறிப்பாக 2006-க்குப் பிறகு, பெண் பிள்ளைகளிடம் பதற்றமும் மனச்சோர்வும் கூடியிருக்கின்றன. கொரோனாவுக்கு முன் 2016, 2018-இலும், கொரோனா காலத்தில் 2020-இலும் 13 முதல் 18 வயது வரையிலானவர்கள் தந்த 59,701 பதில்களை ஒப்பிட்டுச் செய்த ஆய்வு 2021-இல் வெளிவந்தது. மனநலம் மோசமானது என்றும், அந்தப் பாதிப்பு பெண்களிடம் அதிகம் என்றும், புகையும் குடியும் மட்டும் குறைந்தன என்றும் அது காட்டியது. சிகரெட் போன இடத்தில் மின்சிகரெட் வந்தது, பிறகு உதட்டுக்குள் வைக்கும் நிகோடின் பொட்டலம் வந்தது. இவற்றுக்கும் தனியாகச் சட்டம் போட வேண்டியதாயிற்று.

போதையைத் தடுக்க வடிவமைத்த திட்டம் மன அழுத்தத்தையும் தானாகத் தீர்த்துவிடும் என்று எதிர்பார்த்தது கொஞ்சம் பேராசை. இப்போது அங்கே பள்ளி, மருத்துவம், சமூக நலம் எல்லாம் ஒரு பிள்ளையைச் சுற்றி ஒருங்கிணைந்து வேலை செய்ய வேண்டும் என்று 2022 ஜனவரி முதல் புதிய சட்டம் நடைமுறையில் இருக்கிறது.

வேறு நாடுகள் பின்பற்றியிருக்கின்றனவா?

2006 முதல் ஐரோப்பிய நகரங்களுக்கும் இந்தக் கணக்கெடுப்பு முறை போனது. லிதுவேனியாவின் கௌனாஸ், ஸ்பெயினின் தராகோனா, அயர்லாந்தின் மேற்குப் பகுதியில் கால்வே, மேயோ, ரோஸ்காமன் ஆகிய இடங்கள், சிலி நாட்டு நகராட்சிகள் என்று பரவியது. 'பிளானட் யூத்' என்ற பெயரில் இதைக் கற்றுத்தர ஒரு நிறுவனமே இருக்கிறது. எல்லா இடத்திலும் ஒரே பலன் இல்லை. நாலு லட்சத்துக்கும் குறைவான மக்கள் தொகையில், ஏறக்குறைய ஒருவருக்கொருவர் தெரிந்த நாட்டில் உருவானதை அப்படியே பெயர்த்து நட முடியாது என்று ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள்.

தமிழ்நாட்டுக்கு இது பொருந்துமா?

சில துண்டுகள் பொருந்தும். முதலில் பொருந்தாதவை.

நேரக் கட்டுப்பாடு என்று நம் ஊரில் ஆரம்பித்தால் அது பெண் பிள்ளைகளின் காலில்தான் விழும். ஐஸ்லாந்தில் 10 மணி என்றால் பையனுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். இங்கே ஆறு மணிக்கே பெண்ணை வீட்டுக்குள் அழைத்துவிட்டு, பையனை 11 மணிக்கும் தேடாத வீடுகள் ஏராளம். அந்தப் பையனைப் பற்றித்தான் இந்தப் பக்கமே.

பிள்ளைகளின் மாலை நேரமும் வேறு. ஒரு சாரார் பள்ளி முடிந்து டியூஷன், அது முடிந்து இன்னொரு டியூஷன் என்று மூச்சுவிட நேரமில்லாமல் இருக்கிறார்கள். இன்னொரு சாராருக்கு நாலரை மணிக்குப் பிறகு போக இடமே இல்லை. முதல் கூட்டத்துக்கு இன்னொரு வகுப்பு தேவையில்லை, இருக்கும் பி.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியர் கடன் வாங்காமல் இருந்தால் போதும்.

மது விற்பனையில் ஒரு வேடிக்கையான ஒற்றுமை உண்டு. ஐஸ்லாந்திலும் அரசு நிறுவனக் கடையில்தான் மது விற்கிறார்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் டாஸ்மாக் சில்லறை விற்பனை செய்கிறது. இங்கே வாங்கும் வயது 21, அங்கே 20. அதாவது காகிதத்தில் நம் சட்டம் கடுமை. அங்கே அரசுக் கடை என்பதன் நோக்கம் கடைகளையும் நேரத்தையும் சுருக்குவது, ஞாயிறு பூட்டுவது, இளமுகம் என்றால் அடையாள அட்டை கேட்பது. நம் கடைகளில் அடையாள அட்டை கேட்டு நீங்கள் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

பொருந்துவது பெற்றோர் பகுதி. கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2022-இல் இந்தக் குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள். ஐஸ்லாந்துக்காரர்கள் சட்டம் போட்டு உருவாக்கிய அமைப்பு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. கட்டடம், கழிப்பறை, சத்துணவு பற்றிப் பேசும் அந்தக் கூட்டத்தில் பிள்ளைகளின் மாலை நேரத்தையும் ஒரு பொருளாக வைக்க யாரும் தடை சொல்லப் போவதில்லை.

ஒரு தெருவோ ஊரோ தொடங்க நினைத்தால் முதல் வேலை என்ன?

மைதானத்துக்கு நன்கொடை திரட்டுவதற்கு முன்னால் கேளுங்கள். பள்ளி அனுமதியோடு, பெயரில்லாத தாளில், பத்துப் பதினைந்து கேள்விகள். பள்ளி விட்டு எங்கே போகிறாய், மனசு சரியில்லை என்றால் யாரிடம் சொல்வாய், போதைப்பொருள் எங்கே கிடைக்கிறது என்று தெரியுமா. தாளை ஆசிரியர் வாங்கக் கூடாது, ஒரு பெட்டியில் போட வேண்டும். கையெழுத்தைப் பார்த்து யார் எழுதியது என்று தேடக் கூடாது. ஒரு பிள்ளை மாட்டிக்கொண்டால் அடுத்த முறை எல்லாத் தாளிலும் "இல்லை" என்றுதான் வரும். சிறிய வகுப்பு என்றால் இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்து எண்ணுங்கள், அப்போது யாரையும் அடையாளம் காண முடியாது.

முடிவை அந்தப் பெற்றோரிடமே காட்டுங்கள். அதிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், வகுப்புப் பெற்றோர் எண்களை ஒருவருக்கொருவர் பகிர்வது போன்ற சின்ன வேலையாக இருந்தாலும் பரவாயில்லை. அடுத்த ஆண்டு அதே மாதம், அதே கேள்விகள்.

என் பிள்ளை ஏற்கெனவே குடிக்கிறான் என்று தெரிந்துவிட்டது. இது எனக்கு உதவுமா?

உதவாது. இது வராமல் தடுக்கும் முயற்சி, வந்தபின் தேவைப்படுவது சிகிச்சையும் ஆலோசனையும். அடித்து, பூட்டி வைத்துச் சரி செய்யப் பார்க்காதீர்கள். இந்தியாவில் போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416, 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை ஆபத்தில் இருந்தால் 1098. இலங்கையில் மனநல உதவிக்கு 1926, சிறுவர் உதவிக்கு 1929. எல்லாம் கட்டணமில்லாத எண்கள். 14416-இல் தமிழிலேயே பேசலாம், பெற்றோரும் அழைக்கலாம், பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும் என்பதில்லை.